வீட்டில் ஆமை, இகுவானா, பாம்பு வளர்க்கலாமா? ஒன்றே ஒன்று என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? முழு விளக்கம்

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று நம்ம ஊரில் ஒரு பழமொழி உண்டு. அமீனா என்றால் ஜப்தி செய்ய வரும் நீதிமன்ற ஊழியர். அந்தக் காலத்தில் ஆமையும் அமீனாவும் தனித்தனியாக வந்தார்கள். இப்போது நிலைமை வேறு. தெரியாமல் தவறான ஆமையை வீட்டுக்குள் விட்டால், அதன் பின்னாலேயே வனத்துறையும் வரும், வழக்கும் வரும்.

நாய், பூனை, லவ் பேர்ட்ஸ் எல்லாம் பார்த்துப் பழகிய பலருக்கு, குறிப்பாக இளைஞர்களுக்கு, ஊர்வன மீது ஆசை வந்திருக்கிறது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் தோளில் இகுவானா, கையில் மலைப்பாம்பு, மேஜை மேல் குட்டி ஆமை. 'நாமும் ஒண்ணு வளர்க்கலாமே' என்று தோன்றுவது இயல்புதான்.

அரக்கோணத்தில் இருப்பவர்களுக்கு இதில் இரண்டு வழி திறந்தே இருக்கிறது. ஒரு பக்கம் சோளிங்கர், திருத்தணி மலையடிவாரம், சுற்றிலும் ஏரிகள், முட்புதர்கள். வயலில், ரோட்டோரத்தில் ஏதாவது ஒரு ஆமையோ உடும்போ கண்ணில் படும். இன்னொரு பக்கம் மின்சார ரயில் ஏறினால் சுமார் 70 கிலோமீட்டரில் சென்னை. அங்கே செல்லப்பிராணிக் கடைகளில் வெளிநாட்டு ஊர்வன கிடைக்கும்.

இந்த இரண்டு வழியில் எது சட்டப்படி சரி? எது ஜெயிலில் கொண்டுபோய் விடும்? ஒரே ஒரு ஊர்வனவைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் எது நமக்கு ஒத்துவரும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: அது நம்ம நாட்டு உயிரினமா?

அழகு, விலை, பராமரிப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஏனென்றால் சட்டம் இங்கேதான் கோடு போடுகிறது.

இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 2022-ல் அதில் பெரிய திருத்தம் செய்யப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. இந்தச் சட்டத்தில் அட்டவணைகள் உண்டு. முதல் அட்டவணையில் இருப்பவை அதிகபட்ச பாதுகாப்பு பெற்றவை. இரண்டாம் அட்டவணையில் இருப்பவையும் பாதுகாக்கப்பட்டவைதான்.

நம்ம ஊர் மலைப்பாம்பு, உடும்பு, நட்சத்திர ஆமை ஆகியவை முதல் அட்டவணையில் இருக்கின்றன. நல்லபாம்பு, பச்சோந்தி, ஏரி குளங்களில் இருக்கும் ஆமைகள் என நாம் அன்றாடம் பார்க்கும் பல ஊர்வனவும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவையே.

இங்கே பலர் ஒரு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். 'நான் வேட்டையாடலையே, சும்மா எடுத்துட்டு வந்து வளர்க்கத்தானே செய்றேன்' என்பார்கள். ஆனால் இந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருள் இல்லை. பிடிப்பது, பொறி வைப்பது, பிடிக்க முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். வயலில் கிடந்த ஆமையைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது வேட்டை. அப்படிப் பிடிக்கப்பட்ட விலங்கு அரசின் சொத்து.

ஆக, நம்ம நாட்டு ஊர்வனவா? அதைப் பட்டியலில் இருந்து அடித்துவிடுங்கள்.

எல்லோருக்கும் பிடித்த நட்சத்திர ஆமை: அதுதான் ஆபத்தான தேர்வு

'ஊர்வன வளர்க்கணும்னா உங்க சாய்ஸ் எது?' என்று கேட்டால் நிறைய பேர் சொல்லும் பதில் நட்சத்திர ஆமை. காரணம் புரிகிறது. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் மாதிரி விரியும். கடிக்காது, சத்தம் போடாது, புல்லும் இலையும் தின்னும். கூடவே 'இது வீட்டில் இருந்தால் பணம் சேரும்' என்ற நம்பிக்கை வேறு.

இந்த ஆமை இந்தியா, பாகிஸ்தான், இலங்கையில் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. இந்தியாவில் குஜராத், ராஜஸ்தான் பக்கம் ஒரு கூட்டம். தெற்கே ஆந்திரா, கர்நாடகா, தமிழ்நாட்டில் ஒரு கூட்டம். அடர்ந்த காட்டைவிட வறண்ட முட்புதர் நிலங்கள்தான் இதற்குப் பிடிக்கும்.

அழகே இதற்கு எமன். உலகிலேயே அதிகமாகக் கடத்தப்படும் ஆமைகளில் இதுவும் ஒன்று. 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரே ஒரு கடத்தல் மையத்தில் இருந்து மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. அதில் பெரும்பாலானவை குட்டிகள்.

இந்த நிலை காரணமாக 2019-ல் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் நட்சத்திர ஆமை முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. சைட்டிஸ் என்பது அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். முதல் பட்டியலில் இருந்தால், காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு வியாபாரம் செய்யவே முடியாது.

உள்நாட்டிலும் பிடி இறுகியது. 2022 திருத்தத்துக்கு முன்பு நட்சத்திர ஆமை நான்காம் அட்டவணையில் இருந்தது. அப்போது தண்டனை குறைவு. இப்போது முதல் அட்டவணை.

பிடிபட்டால் என்ன தண்டனை?

முதல் அட்டவணையில் உள்ள விலங்கு தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. கூடவே குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

'குறைந்தபட்சம்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். குற்றம் நிரூபிக்கப்பட்டால், 'சின்னப் பையன் ஆசைப்பட்டான்', 'வீட்டில் வாஸ்துவுக்கு வைத்தோம்' என்ற காரணமெல்லாம் அந்த 3 ஆண்டைக் குறைக்கச் சட்டத்தில் இடம் இல்லை.

அரசு வேலைக்கோ ராணுவத்துக்கோ தயாராகும் இளைஞர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். போலீஸ் சரிபார்ப்பின்போது நிலுவையில் உள்ள வழக்கு ஒன்று தெரியவந்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஆமைக்காக அந்த விலை கொடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே வீட்டில் நட்சத்திர ஆமை இருந்தால்?

பயந்துபோய் இரவோடு இரவாகக் கொண்டுபோய்ப் பக்கத்துக் காட்டில் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. இரண்டு காரணங்கள்.

ஒன்று, வீட்டில் வளர்ந்த ஆமைக்கு வந்த நோய் காட்டில் உள்ள ஆமைகளுக்குப் பரவலாம். இரண்டு, உங்களிடம் உள்ள ஆமை எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியாது. வேறு மாநிலத்து ஆமையை இங்கே விட்டால், தலைமுறை தலைமுறையாக இங்கே வாழும் ஆமைகளின் மரபு கலந்து போகும். கடத்தலில் மீட்கப்படும் ஆமைகளைக் காட்டில் விடுவதற்கு முன்பு நிபுணர்கள் யோசிப்பதும் இதனால்தான்.

சரியான வழி, அருகில் உள்ள வனச்சரக அலுவலகத்தில் நீங்களே போய்ச் சொல்வது. எப்படிக் கிடைத்தது, எத்தனை நாளாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து ஒப்படைக்க வேண்டும். போவதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. யாராவது புகார் கொடுத்து அதிகாரிகள் வீட்டுக்கு வருவதைவிட, நீங்கள் முதலில் போவது எல்லா விதத்திலும் மேல்.

உடும்பு, பாம்புக்கு மட்டும் விதிவிலக்கு உண்டா?

இல்லை. இதற்குப் பின்னால் நம்ம மண்டலத்தோடு தொடர்புடைய ஒரு கதை இருக்கிறது.

தோல் என்றாலே ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஞாபகம் வரும். இந்தத் தொழிலின் முதுகெலும்பு ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும்தான். ஆனால் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பாம்புத் தோலுக்கும் பெரிய சந்தை இருந்தது. பர்ஸ், பெல்ட், செருப்பு என்று வெளிநாட்டுக்குப் போனது. பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்த இருளர் பழங்குடி மக்களுக்கு அதுவே பிழைப்பாக இருந்தது.

1972 சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடையும் வந்தது. இருளர்களின் வருமானம் ஒரே அடியில் நின்றது. அதன்பிறகு 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இந்தச் சங்கம், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்தை எடுத்து, பாம்புக்கடி மருந்து தயாரிக்கக் கொடுக்கிறது. விஷம் எடுத்த பிறகு பாம்புகள் மீண்டும் காட்டில் விடப்படுகின்றன.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், தலைமுறை தலைமுறையாகப் பாம்பு அறிவு உள்ள அந்த மக்களே அரசு அனுமதி பெற்றுத்தான், அதுவும் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் பிடிக்க முடியும். நமக்குத் தனியாக ஒரு சலுகை எங்கிருந்து வரும்?

வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் நீங்களே பிடித்து டப்பாவில் வைத்துக்கொள்ளாதீர்கள். தீயணைப்புத் துறையின் 101-க்கு அழையுங்கள்.

சரி, வெளிநாட்டு ஊர்வன என்றால் பிரச்சினை இல்லையா?

முன்பு இப்படித்தான் பலர் நினைத்தார்கள். 'இந்தியச் சட்டம் இந்திய விலங்குக்குத்தான், இது அமெரிக்க இகுவானா' என்று கடைக்காரர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இனி அது முழு உண்மை இல்லை.

2022 திருத்தத்தில், சைட்டிஸ் பட்டியல்களில் உள்ள உயிரினங்களுக்கென்றே நான்காம் அட்டவணை புதிதாக எழுதப்பட்டது. அதில் உள்ள உயிருள்ள விலங்கை யார் வைத்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28-ல் வெளியாகின.

சுருக்கமாகச் சொன்னால்:

• ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குப் பதிவு செய்ய 6 மாத அவகாசம் தரப்பட்டது. அது 2024 ஆகஸ்ட் 28-ல் முடிந்துவிட்டது.

• அதன்பிறகு புதிதாக வாங்குபவர்கள், விலங்கு கைக்கு வந்த 30 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

• பதிவு 'பரிவேஷ் 2.0' என்ற மத்திய அரசின் இணையதளம் வழியாக, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போகும். கட்டணம் 1,000 ரூபாய்.

• குட்டி பிறந்தாலும், இன்னொருவருக்குக் கொடுத்தாலும், இறந்துபோனாலும் தெரிவிக்க வேண்டும்.

இகுவானா, ஆப்பிரிக்க பால் பைத்தான், சுல்கட்டா ஆமை ஆகிய மூன்றும் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. ஆக, இந்தப் பதிவு இவற்றுக்குக் கட்டாயம்.

பதிவு செய்துவிட்டால் போதுமா? அந்த விலங்கு இந்தியாவுக்குள் எப்படி வந்தது என்பதற்கும் காகிதம் வேண்டும். வெளிநாட்டில் இருந்து உயிருள்ள விலங்கை நாமே பெட்டியில் போட்டு எடுத்து வர முடியாது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் உரிமம், சைட்டிஸ் அனுமதி, நோய்த்தடுப்புப் பரிசோதனை என்று ஒவ்வொரு படியும் உண்டு.

கடையில் இருப்பது எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு நம்ம மாநிலத்திலேயே இரண்டு சம்பவங்களைச் சொல்லலாம்.

2023 ஏப்ரலில் கோலாலம்பூரில் இருந்து சென்னை வந்த ஒரு பயணியின் பெட்டிகளைச் சுங்கத்துறை அதிகாரிகள் திறந்தபோது, பிளாஸ்டிக் டப்பாக்களில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. அதே ஆண்டு ஜூலையில், அதே கோலாலம்பூரில் இருந்து திருச்சி வந்த ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லி இனங்களும் சிக்கின.

இவை பிடிபட்டவை. பிடிபடாமல் வெளியே வருவது எங்கே போகும்? வாட்ஸ்அப் குழுக்களுக்கும், ரசீது தராத விற்பனையாளர்களுக்கும்தான். அங்கிருந்து வாங்கும் கடைசி ஆள் நீங்களாக இருந்தால், காகிதம் இல்லாமல் மாட்டுவதும் நீங்கள்தான்.

அதனால் ஒரு எளிய விதி: ரசீது, மூல ஆவணம், பதிவு எண் மூன்றில் எதைக் கேட்டாலும் 'அதெல்லாம் தேவையில்ல தம்பி' என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மீன் கடையில் விற்கும் குட்டி ஆமை எப்படி?

இதுதான் எல்லோர் கண்ணிலும் படுவது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பச்சை நிறக் குட்டி. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. சிவப்புக் காது ஆமை என்பார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதிதான் இதன் சொந்த ஊர்.

விலை குறைவு. சைட்டிஸ் பதிவுத் தொல்லை இல்லை. சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துத் தருவார்கள். கேட்டால் 'இவ்வளவுதான் வளரும்' என்பார்கள்.

அது பொய். பெண் ஆமை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் வரை வளரும். 20 முதல் 30 ஆண்டு உயிரோடு இருக்கும். அதாவது, இன்று ஒன்றாம் வகுப்புப் படிக்கும் குழந்தைக்கு வாங்கிக் கொடுத்தால், அந்தக் குழந்தைக்குக் கல்யாணம் ஆகும்போதும் ஆமை இருக்கும். வளர்ந்த ஆமைக்குக் கிண்ணம் போதாது. பெரிய தொட்டி, தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஃபில்டர், வெளியே ஏறி வெயில் காயத் திட்டு எல்லாம் வேண்டும்.

இரண்டு மூன்று ஆண்டில் நாற்றம் தாங்காமல் பலர் செய்வது என்ன தெரியுமா? கோயில் குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். புண்ணியம் என்று நினைப்பு. அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் இனங்கள் பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. நம்ம குளத்து ஆமைகளின் உணவையும், வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இதன் இறக்குமதியை நிறுத்தியது. கேரளாவில் இது நீர்நிலைகளில் தென்பட ஆரம்பித்ததும், அங்குள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் மக்களிடம் இருந்து ஆமைகளைச் சேகரிக்கத் தொடங்கியது. அசாமின் குவாஹாட்டியில் கோயில் குளத்திலேயே இது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்று, ஆரோக்கியம். ஆமைகளின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அது வயிற்றுப்போக்கு, காய்ச்சல் கொடுக்கும். குட்டி ஆமையைச் சின்னக் குழந்தைகள் வாயில் வைத்துவிடுவதால், 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடு உள்ள ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-லேயே தடை போட்டது. அதன் சொந்த நாட்டிலேயே விற்க முடியாத அளவில்தான் இங்கே நமக்கு விற்கிறார்கள்.

கூடுதலாக, ஊடுருவல் இனங்களை வைத்திருப்பதையே தடை செய்யும் அதிகாரத்தை 2022 திருத்தம் மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. இன்று பிரச்சினை இல்லாத ஆமை நாளை பிரச்சினையாக மாறலாம்.

இகுவானா, பால் பைத்தான், கார்ன் ஸ்னேக்: எது எப்படி?

இகுவானா: மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. முழுக்க இலை தழை சாப்பிடும் என்பதால் சைவ வீடுகளில் கூட ஆசைப்படுவார்கள். ஆனால் வாலோடு சேர்த்து 5 அடிக்கு மேல் வளரும். அந்த வாலால் சாட்டை மாதிரி அடிக்கும், கடிக்கவும் செய்யும். ஒரு அறையையே ஒதுக்க வேண்டும். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் சரியாகக் கிடைக்கவில்லை என்றால் எலும்பு வளைந்து, தாடை வீங்கி, மெல்ல மெல்லச் செத்துப் போகும். பதிவு கட்டாயம்.

பால் பைத்தான்: ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்ன மலைப்பாம்பு. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அதனால்தான் அந்தப் பெயர். பசும்பாலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. விஷம் கிடையாது. 3 முதல் 5 அடி. 20 ஆண்டுக்கு மேல் வாழும். சில நேரம் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருந்து வளர்ப்பவரைப் பதற வைக்கும். பதிவு கட்டாயம்.

கார்ன் ஸ்னேக்: அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த சோளப்பாம்பு. ஆரஞ்சு, சிவப்பு நிறம். விஷம் இல்லை. 3 முதல் 5 அடி வரை வளரும், உடம்பு ஒல்லி. 15 முதல் 20 ஆண்டு வாழும். சாதுவானது, சாப்பாட்டில் அடம் பிடிப்பது குறைவு. சைட்டிஸ் பட்டியலில் இல்லை. ஆனால் தப்பிப்பதில் கில்லாடி. தொட்டி மூடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தால் போதும், வெளியே வந்துவிடும்.

இரண்டு பாம்புகளுக்கும் உணவு எலிதான். மாற்று கிடையாது. ஃப்ரீசரில் எலி வைக்க வீட்டில் அம்மா சம்மதிப்பார்களா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பல பாம்புகள் அனாதையாவது இந்த இடத்தில்தான்.

அரக்கோணம் வெயிலுக்கு ஊர்வன தாங்குமா?

'ஊர்வனவுக்கு வெயில்தானே பிடிக்கும், நம்ம ஊரில் அதுக்கா பஞ்சம்?' என்று தோன்றலாம். இது பாதி உண்மை.

ஊர்வன குளிர் ரத்தப் பிராணிகள். நம்ம உடம்பு போல உள்ளிருந்து சூட்டைச் சமன் செய்துகொள்ள அவற்றால் முடியாது. சூடு வேண்டும் என்றால் வெயிலுக்குப் போகும், போதும் என்றால் நிழலுக்கு வரும். காட்டில் அந்தச் சுதந்திரம் இருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் இல்லை.

அக்னி நட்சத்திர நாட்களில் இந்தப் பக்கம் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது மொட்டை மாடியிலோ ஜன்னல் ஓரத்திலோ தொட்டி இருந்தால், கதவு மூடிய காருக்குள் விட்ட மாதிரிதான். சில நிமிடங்களில் உயிர் போய்விடும். தொட்டிக்குள் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் சூட்டு விளக்கு வேண்டும். கரண்ட் போனால் மாற்று ஏற்பாடு வேண்டும்.

அடுத்தது டாக்டர். ஆடு, மாடு, நாய்க்கு வைத்தியம் பார்க்கும் எல்லா இடத்திலும் பாம்புக்கும் இகுவானாவுக்கும் பார்க்க முடியாது. அரக்கோணத்தில் இருந்து பார்த்தால் சென்னை வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிதான் நம்பிக்கையான இடம். உடம்பு சரியில்லாத விலங்கோடு அவ்வளவு தூரம் போய் வர முடியுமா என்று யோசியுங்கள். ஊர்வன நோயை வெளியே காட்டாது. சாப்பிடாமல் சோர்ந்து கிடப்பது நமக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

அப்போ ஒன்றே ஒன்று என்றால் எது?

இதுவரை பார்த்ததை வைத்து ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்போம்.

நட்சத்திர ஆமை, உடும்பு, நம்ம ஊர்ப் பாம்புகள்: சட்டப்படி முடியாது.

சிவப்புக் காது ஆமை: வாங்குவது சுலபம். 30 ஆண்டு வைத்துக்கொள்வது கஷ்டம். கைவிட்டால் ஊர்க் குளத்துக்கே கேடு.

இகுவானா: இடம், ஒளி, பொறுமை மூன்றும் அதிகம் கேட்கும். சாதாரண வீட்டுக்கு ஒத்துவராது.

பால் பைத்தான்: பராமரிக்கலாம். காகிதம் பக்காவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சிக்கல்.

மிச்சம் இருப்பது கார்ன் ஸ்னேக். இந்தியாவிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டது என்பதற்கு ஆவணம், பூட்டு போட்ட தொட்டி, எலி உணவுக்கு வீட்டின் சம்மதம், 20 ஆண்டு பொறுப்பு ஆகிய நான்கும் இருக்கும் ஒரு பெரியவருக்கு மட்டும் இது பொருத்தமான தேர்வு. ஒரு எச்சரிக்கை: அது தப்பித்துப் பக்கத்து வீட்டுக்குப் போனால், விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு என்று அங்கே யாரும் விசாரிக்க மாட்டார்கள். கம்பு எடுத்து அடித்துவிடுவார்கள்.

இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும், வாங்காமல் இருப்பதுதான் சரி. ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீட்டுக்கும் இதே பதில்தான்.

ஆசையை எப்படித் தீர்த்துக்கொள்வது?

வாங்காமலேயே ஊர்வனவைப் பார்க்க, படிக்க நம்ம பக்கத்தில் நல்ல இடங்கள் உண்டு. சென்னை கிண்டியில் பாம்புப் பண்ணை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை 1976 முதல் இருக்கிறது. முதலை மட்டுமல்ல, ஆமைகளும் பல்லி இனங்களும் அங்கே உண்டு. குழந்தைகளை அழைத்துப் போனால் ரீல்ஸில் கிடைக்காத விஷயங்கள் கிடைக்கும்.

அதைவிடப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. அரக்கோணத்தில் இருந்து செங்கல்பட்டு ரயிலில் ஏறினால் வரும் காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டுக் கும்பிட வரிசையில் நிற்கிறோம். அதே பல்லி நம்ம வீட்டுச் சுவரில் ட்யூப்லைட் ஓரமாக இருந்தால் துடைப்பத்தை எடுக்கிறோம்.

வீட்டுப் பல்லியும் ஊர்வனதான். கொசு, ஈசல், கரப்பான் குஞ்சு என்று ராத்திரி முழுக்க வேலை பார்க்கும். கால் விரலில் உள்ள நுண்ணிய இழைகளால் சுவரிலும் கூரையிலும் தலைகீழாக நடக்கும். இமை கிடையாது, அதனால் நாக்கால் தன் கண்ணைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். ஆபத்து வந்தால் வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி, பிறகு புது வால் வளர்த்துக்கொள்ளும். பலர் பயப்படுவது போல அதற்கு விஷமும் கிடையாது. எச்சத்தில் கிருமி இருக்கும் என்பதால் சாப்பாட்டை மட்டும் மூடி வையுங்கள்.

அதைப் பிடிக்க வேண்டாம், டப்பாவில் அடைக்க வேண்டாம். காசு இல்லை, பதிவு இல்லை, எலியும் தேவையில்லை. இருக்கிற இடத்தில் விட்டுப் பார்த்தாலே போதும்.

சுருக்கமாக நினைவில் வைக்க:

• இந்திய ஊர்வனவை எடுத்து வளர்க்காதீர்கள். நட்சத்திர ஆமைக்குக் குறைந்தது 3 ஆண்டு சிறை.

• ஏற்கெனவே இருந்தால் காட்டில் விடாமல் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

• சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனம் என்றால் 30 நாட்களுக்குள் பரிவேஷ் 2.0-ல் பதிவு கட்டாயம்.

• ரசீது தராதவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

• வளர்க்க முடியாமல் போனாலும் ஏரி, கோயில் குளத்தில் விடாதீர்கள்.

• தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.